ராமநாதபுரம் கடற்கரையில் கேரவன் வண்டியோடு இரவு தங்குவது: முழுமையான வழிகாட்டி

கடலைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்புவதுதான் முதல் முறை வருகிறவர்கள் செய்கிற தவறு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய வேன் மணலில் இறங்கிப் பத்தடி போவதற்குள் புதைந்துவிடும். அப்புறம் அந்த விடுமுறை முழுக்க வண்டியை வெளியே எடுக்கிற வேலையாகவே போய்விடும்.

நான் ஒரு டிராவலர் வேனை மாற்றியமைத்து வைத்திருக்கிறேன். இந்தக் கரையில் பல இரவுகள் தங்கியிருக்கிறேன், நண்பர்களின் வண்டிகளையும் கூட்டி வந்திருக்கிறேன். அவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று பார்த்துத்தான் கீழே உள்ள வரிசையை எழுதுகிறேன். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். முக்கியமாக 6-வது படியை முடிக்காமல் 7-க்குப் போகாதீர்கள்.

1. எந்தக் கடல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அதை வைத்து வடகடல் எப்போதும் அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கரை கலங்கும், மறுபக்கம் அடங்கியிருக்கும். இடம் தேர்வு செய்வதற்கு இது ஒன்று புரிந்தால் போதும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அந்த மாதங்களில் தென்கடல் கரையில் மணல் பறந்து சோற்றில் விழும், கதவைத் திறக்க முடியாது. அப்போது வடகடல் பக்கம் போங்கள். உச்சிப்புளி அருகே அரியமான், தேவிபட்டினம், தொண்டி எல்லாம் அந்தப் பக்கம்தான். அரியமானில் சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புதியவர்கள் அந்த மூன்று மாதங்களில் வரவே வேண்டாம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். வாடைக்காற்று மெல்லத் தணிந்துவரும், தென்கடல் கரை அதற்கு மறைவாக இருக்கும். வாலிநோக்கம், மூக்கையூர், பெரியபட்டினம் பக்கம் தைரியமாகப் பார்க்கலாம். ஏப்ரலில் கடல் நன்றாக இருந்தாலும் வேனுக்குள் வெக்கை தாங்காது.

தனுஷ்கோடியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், மாலையானால் வெளியேறச் சொல்லிவிடுவார்கள். 2025-ல் அங்கே பூநாரைச் சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள். கெஞ்சிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2. நாள் பாருங்கள்

காலண்டரில் முதலில் அமாவாசையைத் தேடுங்கள். தை, ஆடி, மகாளய அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்றிலும் திதி கொடுக்க வருகிறவர்களின் கூட்டம் சாலை வரைக்கும் நிற்கும். அந்த நாளில் அங்கே வேனை நிறுத்தி நாற்காலி போட்டு உட்காருவது சரியில்லை, இடமும் கிடைக்காது.

அமாவாசை, பௌர்ணமியைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாட்களை ஒட்டித்தான் நீர் அதிகமாக ஏறி, அதிகமாக வற்றும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தரை சமமாக இருக்கிற இடத்தில் ஓர் அடி உயர்ந்தாலே தண்ணீர் பல மீட்டர் உள்ளே வந்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாளும், கிளம்புகிற அன்றும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்பது ஒன்று. 1-ம் எண் கூண்டு என்றால் புயல் எங்கோ தூரத்தில்தான் இருக்கும். இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இன்னொன்று, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கள்ளக்கடல் எச்சரிக்கை. எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் எழும் அலை, இங்கே வானம் வெறிச்சென்று தெளிவாக இருக்கும்போதே கரையில் ஏறும். வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

3. சொல்லிவிட்டுத் தங்குங்கள்

இது எல்லைக் கரை. இரவில் அடையாளம் தெரியாத ஒரு பெரிய வேன் கடலோரம் நின்றால் காவல்துறை வந்து விசாரிக்கும். அது அவர்கள் வேலை. நள்ளிரவில் குழந்தைகளை எழுப்பி நிற்க வைப்பதற்குப் பதில், பகலிலேயே அருகிலுள்ள காவல் நிலையத்தில் வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆதார் நகல்களையும் ஆர்.சி.யையும் கையில் வைத்திருங்கள். வண்டியை மாற்றியமைத்திருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும்.

அடுத்து ஊர். மீனவ கிராமங்களில் ஊர்த் தலைவர் இருப்பார். அவரைப் பார்த்து, “ஐயா, ஒரு ராத்திரி தங்கிக்கலாமா, எந்த இடத்துல விட்டா உங்களுக்குத் தொந்தரவு இல்ல?” என்று கேளுங்கள். அவர் காட்டுகிற இடம் நீங்கள் பார்த்து வைத்ததைவிட நல்ல இடமாகத்தான் இருக்கும். எங்கே கரைவலை இழுப்பார்கள், எங்கே கருவாடு காயப்போடுவார்கள், எங்கே படகு ஏற்றுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முதல் முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. கரையை ஒட்டிய தென்னந்தோப்புக்காரர் யாரிடமாவது வாடகை பேசி, தோப்புக்குள் வண்டியை விடுங்கள். தரை கெட்டியாக இருக்கும், கழிப்பறை கிடைக்கும், கடல் நடந்து போகிற தூரத்தில் இருக்கும். நானே இப்போது பெரும்பாலும் அப்படித்தான் தங்குகிறேன்.

படகு வைத்துத் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம். டிரோனையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது.

4. தண்ணீரை வழியிலேயே நிரப்புங்கள்

ராமநாதபுரத்து ஊர்களில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அலைந்து தண்ணீர் பிடிக்கிற குழாயில் உங்கள் நூறு லிட்டர் தொட்டியை நிரப்பாதீர்கள். காசு கொடுத்தாலும் வேண்டாம். மதுரையிலோ பரமக்குடியிலோ நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

நாலு பேருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் ஒன்று. கழுவ, குளிக்க 60 லிட்டர். கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் உப்பை அலசுவதில்தான் தண்ணீர் கரையும். ஷவர் வேண்டாம், ஆளுக்கு ஒரு வாளியும் ஒரு சொம்பும் என்று கணக்கு வைத்தால் தொட்டி மறுநாள் வரை தாங்கும்.

5. எடுத்துவர வேண்டியவை

சமையல் சாமான் எல்லோரும் கொண்டுவருகிறார்கள். மணலுக்கு வேண்டியதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மண்வெட்டி ஒன்று. ஒன்றரை அடிச் சதுரமான கனத்த பிளைவுட் பலகை ஒன்று, ஜாக்கிக்கு அடியில் வைக்க. பலகை இல்லாவிட்டால் ஜாக்கி வண்டியைத் தூக்காது, அதுவே மணலில் இறங்கும். காலி சிமெண்ட் சாக்குகள் ஆறு. டயர் பிரஷர் பார்க்கிற கேஜ், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப், இழுக்கிற கயிறு. கூடவே ஒரு நல்ல டார்ச்.

6. பிற்பகல் 3 மணிக்குள் சேருங்கள், இறங்கி நடந்து பாருங்கள்

இந்த வேலைக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டிய பிறகு மணலும் சேறும் ஒரே நிறம்.

தார்ச்சாலை முடிகிற இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, வேனுக்குள் இருப்பவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஒருவர் மட்டும் நடந்து போங்கள். போகும்போது மேலேயும் பாருங்கள். தாழ்ந்து தொங்கும் கரண்ட் வயரும் பனைமட்டையும் வேனின் மேலிருக்கும் சோலார் தகட்டைப் பிடித்து இழுக்கும். வழியில் ரயில்வே சுரங்கப்பாதை இருந்தால், முன்னால் உள்ள இரும்புக் குறுக்குக் கம்பியின் உயரத்தை உங்கள் வண்டி உயரத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் வண்டியின் மொத்த உயரத்தை டேஷ்போர்டில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

அடுத்து தரை. குதிகாலை ஊன்றி முழு எடையையும் போடுங்கள். தடம் மட்டும் பதிந்தால் சரி. குதிகால் உள்ளே போனால் வேன் அங்கே போகக் கூடாது.

தேவிபட்டினம், காரங்காடு பக்கமும், வாலிநோக்கம் உப்பளங்கள் பக்கமும் வேறொரு ஆபத்து உண்டு. மேலே காய்ந்து வெடித்து, சிமெண்ட் தரை மாதிரி வெள்ளையாகத் தெரியும். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்துங்கள். இரண்டு விரல் கனத்துக்கு அந்த வெள்ளை ஓடு உடையும், அடியில் கறுப்புச் சேறு பிசுபிசுவென்று வரும், மூக்கில் ஒரு வாடை ஏறும். மணலில் மாட்டினால் நாமே எடுத்துவிடலாம். இந்தச் சேற்றில் மாட்டினால் டிராக்டரே தயங்கும்.

மூன்றாவதாக, தண்ணீர் எதுவரை வரும் என்று பாருங்கள். கரையில் காய்ந்த கடல்புல், சிப்பி, பிளாஸ்டிக் குப்பை எல்லாம் ஒரு கோடு மாதிரி ஒதுங்கியிருக்கும். இரண்டு மூன்று கோடுகள் இருந்தால், நிலத்துப் பக்கம் கடைசியாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இருபது முப்பது தப்படி உள்ளே தள்ளித்தான் வண்டி நிற்க வேண்டும்.

ஒருமுறை நானே கடலுக்குப் பக்கத்துக் கோட்டைப் பார்த்துவிட்டு நின்றேன். வலையை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். “தம்பி, நாளைக்கு அமாவாசை. ராவுல தண்ணி அந்த உடைமுள்ளு வரைக்கும் வரும். வண்டிய அந்தப் பக்கம் எடுத்துப் போடுங்க” என்றார். சாயங்காலம் எடுத்து வைத்தேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால், முதலில் சக்கரம் நின்ற குழியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

கடைசியாக ஒன்று. மணலில் டிராக்டர் டயர் ஏறி இறங்கியது போன்ற அகலமான தடம் கடலிலிருந்து மேலே வந்து திரும்பியிருந்தால், அது ஆமை முட்டையிட வந்த தடம். ஜனவரியிலிருந்து சில மாதங்கள் இதைப் பார்க்கலாம். அங்கே தங்க வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள்.

7. வண்டியை நிறுத்துங்கள்

வண்டி கெட்டித் தரையில், நாம் மணலில். இதுதான் விதி. பின்சக்கர இயக்கமுள்ள கனமான வேனுக்கு விதிவிலக்கே கிடையாது.

தலை சாலையைப் பார்த்து இருக்கும்படி திருப்பி நிறுத்துங்கள். இரவில் கிளம்ப வேண்டி வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்காது. பக்கக் கதவு காற்றுக்கு மறைவான பக்கம் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து வராவிட்டால் தலை சாலையைப் பார்ப்பதற்கு முதலிடம்.

சவுக்குத் தோப்பில் நிறுத்தினால், சைலன்சருக்கு அடியில் உள்ள காய்ந்த ஊசி இலைகளைக் கூட்டித் தள்ளிவிடுங்கள். சூடு பட்டால் பற்றிக்கொள்ளும். தென்னை என்றால் குலைக்கு நேர் கீழே நிற்காதீர்கள்.

8. பந்தலைச் சாக்கில் கட்டுங்கள்

வேனின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கிற துணிப் பந்தலைச் சொல்கிறேன். அதோடு வருகிற சிறிய இரும்பு முளைகள் மணலில் நிற்காது. முதல் காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு வரும், பந்தல் மடங்கி வேனின் கூரையில் அடிக்கும்.

சிமெண்ட் சாக்கில் பாதிக்கு மணல் போட்டு வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். ஒன்றரை அடிக் குழி தோண்டி, சாக்கைப் படுக்க வைத்துப் புதைத்து, மேலே மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள். கயிறு பந்தலை நோக்கிச் சாய்வாக வெளியே வர வேண்டும். இழுக்க இழுக்க அந்தச் சாக்கு மேலே உள்ள மணல் முழுவதையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும், அதனால் நகராது. படுக்கப் போகும்முன் பந்தலைச் சுருட்டிவிடுங்கள், சாக்குகள் அப்படியே கிடக்கட்டும்.

9. சமையல்

அடுப்பைக் காற்றுக்கு மறைவில் வையுங்கள். சின்ன 5 கிலோ சிலிண்டர் போதும். கரையில் விறகு மூட்டித் தீ வளர்ப்பது வேண்டாம். ஆமைக்கும் ஆகாது, தோப்புக்கும் ஆகாது.

மீனை இரவே வாங்கி வைக்காதீர்கள். காலையில் படகு வந்ததும் கரைக்கே போங்கள். ஏலம் முடியட்டும், நடுவில் புகுந்து விலை கேட்காதீர்கள். நகரை, விளமீன், பாறை, சாளை, கணவாய் என்று அன்றைக்கு வந்ததை வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும். கொஞ்சமாக வரும், விலையும் ஏறியிருக்கும்.

செதிலையும் குடலையும் வேனருகே போட்டால் ராத்திரி முழுக்க நாய்கள் சண்டை போடும். வாங்குகிற இடத்திலேயே சுத்தம் செய்து வாங்கிவிடுங்கள்.

10. கழிவு எங்கே போகும்

நம்மவர்கள் இதைப் பேசவே கூச்சப்படுகிறோம். ஆனால் கரையில் தங்குவதில் நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல் இதுதான்.

கடற்கரை மணல்மேட்டில் மழைநீர் இறங்கி, கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் இலேசானது, அதனால் சட்டென்று கலந்துவிடாது. தனுஷ்கோடிப் பக்கத்துக் குடும்பங்கள் கையால் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரை அகப்பையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அந்தத் தண்ணீர் இனிக்கும். நாம் “மணல்தானே” என்று குழி தோண்டிக் கழிவைக் கொட்டினால், அது அந்த ஊற்றில்தான் இறங்கும்.

அதனால் வேனில் உள்ள கழிப்பறையின் கழிவுப் பெட்டியைக் கரையில் திறக்கவே கூடாது. தோப்புக்காரரின் கழிப்பறையிலோ, திரும்பும் வழியில் தங்குகிற லாட்ஜிலோ கேட்டுக் காலி செய்யுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாளியில் பிடித்து, சோப்பு போடாத தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாம், சோப்புத் தண்ணீரைக் கழிப்பறையில் விடலாம்.

11. இரவு

மாலையில் கடலிலிருந்து வந்த காற்று, இரவு ஏற ஏற நின்று கரையிலிருந்து திரும்பும். அப்போதுதான் கொசு வரும். கடற்கரையில் கொசு இல்லை என்று ஏழு மணிக்குச் சந்தோஷப்படுகிறவர்கள் பத்து மணிக்கு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வலையை முன்கூட்டியே மாட்டிவிடுங்கள்.

கடலைப் பார்த்த பக்கம் விளக்கை அணைத்துவிடுங்கள். ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பித்தான் கடலுக்குப் போகும், உங்கள் பல்பைப் பார்த்தால் நிலத்துப் பக்கம் திரும்பிவிடும். டார்ச்சைக் கடலை நோக்கி அடிப்பதும் வேண்டாம், எல்லைக் கரையில் அது சைகை மாதிரி தெரியும்.

ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரா ஊரில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். மேல்கூரை ஜன்னல் ஒன்றாவது திறந்திருக்கட்டும்.

இருட்டில் கடலில் இறங்க வேண்டாம். பகலிலும் வடகடலின் ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல், தரையோடு உரசி உரசி நடங்கள். மணலில் பதுங்கியிருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். கடலோரப் போலீஸ் உதவிக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

12. மாட்டிக்கொண்டால்

சக்கரம் ஒரு சுற்று சும்மா சுற்றியதுமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறு. மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி வெட்டும், அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு எந்தச் சக்கரத்துக்கும் பிடிப்பு இருக்காது.

எல்லோரையும் இறக்குங்கள், தண்ணீர்க் கேன்களையும் இறக்குங்கள். சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் மணலைச் சரிவாக வெட்டி எடுங்கள், அச்சுக்கு அடியில் குவிந்ததையும் தள்ளுங்கள். டயர் காற்றை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். டயர் நீளமாகப் பரவி மணல்மேல் மிதக்கும். காலி சாக்கையோ பனைமட்டையையோ சக்கரத்துக்கு அடியில் திணித்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, பின்னால் தரை கெட்டி என்று நமக்குத் தெரியும். தார்ச்சாலை ஏறும்முன் காற்றைத் திரும்ப அடித்துவிடுங்கள்.

டிராக்டர் கூப்பிட வேண்டி வந்தால் கூலியை முதலிலேயே பேசுங்கள். கயிற்றை இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், பம்பரில் வேண்டாம். கயிறு அறுந்தால் ஆளை அடிக்கும், எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும்.

13. கிளம்புவதும் உப்பைக் கழுவுவதும்

சாக்குகளைத் தோண்டி எடுத்து, மணலைக் கொட்டிக் குழிகளை மூடுங்கள். விடியலில் கரைவலை இழுக்கிறவர்கள் பின்னோக்கி நடந்துதான் இழுப்பார்கள், குழியில் கால் போனால் முறிந்துவிடும். பவளத் துண்டு, கடல் அட்டை எதையும் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

ராமநாதபுரம் வந்ததும், வேறு எங்கும் போகாமல் வாட்டர் சர்வீஸுக்குப் போங்கள். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். கடலில் இறங்காத வண்டியிலும் ஓர் இரவுக் காற்றில் உப்பு படிந்திருக்கும். சோலார் தகட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் பிசுக்கென்று ஒட்டும். பிரேக் டிரம், கதவுக் கீல், பக்கக் கதவு ஓடுகிற தண்டவாளம், பேட்டரி முனைகள், இந்த நாலையும் பக்கத்தில் நின்று காட்டிக் கழுவ வையுங்கள். பேட்டரி முனைகளை ஈரத்துணியால் துடைத்தால் போதும், பீய்ச்ச விடாதீர்கள். தண்டவாளம் காய்ந்ததும் கிரீஸ் தடவிவிட்டுக் கதவை நாலு முறை இழுத்துச் சாத்திப் பாருங்கள். மணல் அரைகிற சத்தம் கேட்டால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.